கடைகளுக்குக் கரன்ட் விற்க முதலாளிக்கு உரிமை உண்டா?

மட்டக்களப்பு எழுவான்கரையில் ஒரு சிறுநகரத்தில் தையல் கடை நடத்தும் வாசகி ஒருவரின் கடிதத்துக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். ஐந்து பக்கக் கடிதம். அதன் சாரம் இது:

"அக்கா, மெயின் றோட்டில் ஒன்பது கடைகள் உள்ள கட்டடத்தில் ஒரு கடையை ஆறு வருடமாக வாடகைக்கு எடுத்திருக்கிறேன். மூன்று மெசின், ஒரு ஸ்திரிக்கைப் பெட்டி, இரண்டு ஃபேன், நாலைந்து பல்ப், அவ்வளவுதான். முழுக் கட்டடத்துக்கும் முதலாளி பெயரில் ஒரே மீற்றர். அதிலிருந்து ஒவ்வொரு கடைக்கும் சின்ன மீற்றர் பூட்டி அவரே கரன்ட் தருகிறார். 2023 இல் கட்டணம் கூடியபோது யூனிற்றுக்கு 75 ரூபா ஆக்கினார். பிறகு நாட்டில் குறைந்தது, இவர் குறைக்கவில்லை. கேட்டதற்கு 'என்ர லைன், என்ர விலை' என்றார். வாக்குவாதம் முற்றி, போன மாதம் நான்கு நாள் என் கடைக்கு மட்டும் கரன்டை நிறுத்திவிட்டார். தீபாவளித் தையல் எல்லாம் தேங்கிவிட்டது. தனி மீற்றர் கேட்டு மின்சார அலுவலகத்துக்குப் போனேன். 'கட்டடத்துக்கு ஏற்கெனவே சப்ளை இருக்கு, சொந்தக்காரரின் கடிதம் கொண்டு வாங்க' என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கட்டாரிலிருந்து வந்திருக்கும் அண்ணன், பக்கத்து வளவில் உள்ள எங்கள் வீட்டுக் கூரையில் சோலர் போட்டு எனக்கும் மற்றக் கடைகளுக்கும் 40 ரூபாவுக்குக் கரன்ட் தரலாம் என்கிறார். முதலாளி விற்கலாம் என்றால் அண்ணனும் விற்கலாம்தானே?"

தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அண்ணன் நினைத்தபடி விற்க முடியாது. அதே காரணத்தால் முதலாளியும் நினைத்த விலைக்கு, நினைத்தபோது நிறுத்தி, விற்க முடியாது. இந்த நாட்டில் இன்னொருவருக்கு மின்சாரம் பகிர்வதும் விற்பதும் உரிமப்பத்திரம் வேண்டிய வேலை. உரிமம் இல்லையென்றால் சட்டப்படி தரப்பட்ட விலக்களிப்பாவது, அதாவது உரிமம் இல்லாமலே செய்யலாம் என்ற அனுமதியாவது, வேண்டும். லைன் யாருடைய சுவரில் ஓடுகிறது என்பதை வைத்து இந்த உரிமை வருவதில்லை.

இதைச் சொல்லும்போது எனக்கு எங்கள் பழைய ஒழுங்கை ஞாபகம் வருகிறது. 90களில், கரன்ட் இல்லாத காலம். ஒருவர் ஜெனரேற்றர் வைத்து, வேலியோடு வேலியாக வயர் இழுத்து, ஒரு பல்புக்கு இவ்வளவு என்று கிழமைக் காசு வாங்கி வெளிச்சம் கொடுத்தார். இரவு ஒன்பதரை வரைக்கும்தான். நான் உயர்தரத்துக்குப் படித்தது அந்த ஒற்றைப் பல்பில். அவர் நல்ல மனிதர், அவருக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் ஒரு முறை கிணற்றடி வேலி விஷயத்தில் அப்பாவோடு அவருக்கு மனஸ்தாபம் வந்தது. மூன்று கிழமைக்கு எங்கள் வீடு மட்டும் இருட்டாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு வெளிச்சம் வேலிக் கிடுகு இடுக்கால் எங்கள் முற்றத்தில் கோடு கோடாக விழும். அம்மா குப்பி விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து என் கொப்பிப் பக்கத்தில் வைப்பார். உங்கள் நான்கு நாளைப் படித்தபோது அந்த மூன்று கிழமைதான் கண்முன் வந்தது.

உரிமம் எதற்கு என்றால் இதற்குத்தான். பலர் அதை ஒரு சலுகை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு சுமை. உரிமம் பெற்றவர் தன் பகுதியில் கேட்பவருக்குச் சப்ளை கொடுத்தே ஆக வேண்டும். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அங்கீகரித்து வெளியிட்ட விலைக்கு மேல் ஒரு சதம் வாங்க முடியாது. பில் கட்டாதவரைக்கூட முன்னறிவித்தல் இல்லாமல் வெட்ட முடியாது. உங்களோடு கோபம் என்பதற்காக வெட்டவே முடியாது. உங்கள் முதலாளி விற்பதன் வருமானத்தை எடுத்துக்கொண்டு இந்தக் கடமைகளில் ஒன்றையும் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை. நீங்கள் வாதிட வேண்டிய இடமும் அதுதான்.

சரி, நம் பக்கத்தில் உரிமம் யாரிடம் இருக்கிறது? மின்சாரத்தில் உற்பத்தி, கடத்தல், பகிர்ந்தளிப்பு என்று மூன்று தனித்தனி வேலைகள் உண்டு. அம்பாறை மாவட்டத்தில் சேனாநாயக்க சமுத்திரத்தின் கீழே இங்கினியாகலையில் 11.25 மெகாவாற் நீர்மின் நிலையம் இருக்கிறது. அது உற்பத்தி. ஊர் ஊராகப் பெரிய கோபுரங்களில் போகும் உயரழுத்த லைன் கடத்தல். உங்கள் றோட்டு ட்ரான்ஸ்போமரிலிருந்து கடை மீற்றர் வரை வருவது பகிர்ந்தளிப்பு. ஒரு வேலைக்கு உரிமம் பெற்றவர் மற்ற வேலையை அந்த உரிமத்தை வைத்துச் செய்ய முடியாது.

1969 இன் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை மின்சார சபை உருவானது. அதற்குப் பிறகும் நாட்டின் பல இடங்களில் மாநகர சபை, நகர சபை போன்ற உள்ளூராட்சி மன்றங்கள் மின்சாரத்தை மொத்தமாக வாங்கி ஊருக்குப் பகிர்ந்துகொண்டிருந்தன. 1983 இல் லெக்கோ என்று நாம் சொல்லும் லங்கா எலெக்ட்ரிசிட்டி கம்பனி அமைக்கப்பட்டது. நீர்கொழும்பிலிருந்து காலி வரை மேற்குத் தென்மேற்குக் கரையோரத்தில் பல சபைகளின் பகிர்ந்தளிப்பை அது பொறுப்பேற்றது. 2009 இன் 20 ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தின் கீழ் பகிர்ந்தளிப்புக்கு ஐந்து உரிமங்கள் கொடுக்கப்பட்டன. நான்கு மின்சார சபையின் நான்கு பிராந்தியங்களுக்கு, ஒன்று லெக்கோவுக்கு. கிழக்கு மாகாணம் சபையின் இரண்டாம் பிராந்தியத்துக்குள் வந்தது. 2009 சட்டத்தின் இடத்தில் இப்போது 2024 இன் 36 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது, அதுவும் 2025 இல் திருத்தப்பட்டிருக்கிறது. சபையின் வேலைகள் அரசுக்குச் சொந்தமான தனித்தனிக் கம்பனிகளுக்குப் போவது இந்த மாற்றத்தின் மையம். ஆகவே கடிதம் எழுதும்போது, கடைசியாக வந்த பில்லில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அந்தப் பெயருக்கே எழுதுங்கள். பெயர்கள் எப்படி மாறினாலும் உரிமமோ விலக்களிப்போ இல்லாமல் பகிரக் கூடாது என்பது இரண்டு சட்டங்களிலும் ஒன்றுதான்.

யார் பகிரலாம் என்ற சண்டை ஒன்பது கடைக் கட்டடத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். மும்பையில் டாட்டா பவர் கம்பனியும் ரிலையன்ஸ் எனர்ஜியும் இதே கேள்விக்காக இந்திய உச்ச நீதிமன்றம் வரை போயின. டாட்டா மொத்தமாக விற்பவர் மட்டுமே, சின்னப் பாவனையாளருக்கு நேரடியாகக் கொடுக்க அவருக்கு உரிமையில்லை என்பது ரிலையன்ஸின் வாதம். நீதிமன்றம் 1907 இலிருந்து டாட்டாவிடம் இருந்த பழைய உரிமங்களை எடுத்து வரிவரியாக வாசித்தது. சில்லறையாகக் கொடுப்பதைத் தடுக்கும் சொல் அவற்றில் இல்லை என்று கண்டு 2008 இல் டாட்டா பக்கம் தீர்ப்பளித்தது. அத்தனை பெரிய கம்பனிகளின் வழக்கே உரிமத்தில் எழுதியிருப்பது என்ன என்பதில்தான் முடிந்தது. உங்கள் முதலாளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே: எந்தத் தாளின் பேரில் விற்கிறீர்கள்?

அமெரிக்காவில் இன்னொன்று. மினசோட்டா மாநிலத்தில் எல்போ லேக் என்ற சிற்றூர், மின் கம்பனியோடு இருந்த ஒப்பந்தம் முடிந்ததும் தானே ஊருக்குப் பகிர நினைத்தது. ஒட்டர் டெயில் என்ற அந்தக் கம்பனி ஊருக்கு மொத்தமாக விற்கவும் மறுத்தது. வேறிடத்திலிருந்து வாங்கும் மின்சாரத்தைத் தன் லைனால் கொண்டுவந்து கொடுக்கவும் மறுத்தது. 1973 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. லைனைக் கையில் வைத்திருக்கிறேன் என்பதற்காக மற்றவர் வழியை அடைக்க முடியாது என்பதே அதன் உட்பொருள். அது அந்த நாட்டின் போட்டிச் சட்டம், நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தானும் ஒழுங்காகத் தராமல், தனி மீற்றருக்குக் கையெழுத்தும் வைக்காமல் இருக்கும் உங்கள் முதலாளியின் நடத்தை அந்தக் கம்பனியின் நடத்தையை எனக்கு அப்படியே ஞாபகப்படுத்துகிறது.

இனி விலை. நீங்கள் அனுப்பிய துண்டை மேசையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சிஆர் கொப்பியில் கிழித்த தாள், நீலப் பேனா: "பழசு 4312, புதுசு 4398, 86 x 75 = 6450." திகதி இல்லை, கையெழுத்து இல்லை, முதலாளி தான் கட்டிய பில் எவ்வளவு என்ற விபரமும் இல்லை. இதே தாள் பன்னிரண்டு மாதத்துக்கு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றையும் எறிய வேண்டாம்.

இந்த 86 யூனிற்றில்தான் உங்களுக்கு நட்டம் நடக்கிறது. கடைகளுக்குரிய பொதுத் தேவைக் கட்டணத்தில் மாதம் 180 யூனிற் ஒரு எல்லை. அதற்குள் பாவிப்பவருக்குக் குறைந்த விலை, தாண்டினால் கூடிய விலை. உங்களுக்குத் தனி மீற்றர் இருந்தால் 86 யூனிற் அந்த எல்லைக்குள் வசதியாக நிற்கும். ஆனால் ஒன்பது கடையின் பாவனையும் ஒரே மீற்றரில் ஏறும்போது கூட்டுத்தொகை 180 ஐ எப்போதோ தாண்டிவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டி ஓடும் பக்கத்துக் கடைக்காரருடைய விலை உங்கள் தையல் மெசினுக்கும் வருகிறது. முதலாளி ஒரு சதம் இலாபம் வைக்காமல் பங்கு பிரித்தாலும் நீங்கள் உங்களுக்குரிய விலையைவிடக் கூடத்தான் கட்டுவீர்கள்.

முதலாளி பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர் கூடிய விலையில் பில் கட்டுகிறார். நிலையான கட்டணம் இருக்கிறது, படிக்கட்டு விளக்கு, தண்ணீர் மோட்டர் எல்லாம் அந்த மீற்றரில்தான் ஓடும். வயரிங் செலவு அவருடையது. தான் கட்டிய பில்லைக் கடைகளுக்குள் யூனிற் கணக்கில் பிரித்து அறவிட்டால் அதைச் செலவு மீட்பு என்று சொல்லலாம், நானும் அதில் பெரிய குற்றம் காண மாட்டேன். ஆனால் 2023 பெப்ரவரியில் நாட்டில் கட்டணம் 66 வீதம் கூடியவுடன் ஏற்றியவர், 2024 இலும் 2025 ஜனவரியிலும் குறைந்தபோது அசையவில்லை. 2025 ஜூனில் 15 வீதம் திரும்பக் கூடியதே என்று அவர் சொல்லக்கூடும். அதையும் சேர்த்துப் பார்த்தாலும் 2023 விலைக்கு நாடு திரும்பவில்லை. பில் இறங்கும்போது தன் விலையை இறக்காதவர் செலவை மீட்கவில்லை, வியாபாரம் செய்கிறார் என்பதே என் கருத்து. அவருடைய கடைசி மூன்று மாதப் பில்லின் பிரதியை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பே பின்னால் உங்களுக்குச் சாட்சி.

ஆனாலும் தங்கச்சி, விலைச் சண்டையிலேயே வருடத்தைத் தொலைக்க வேண்டாம். 75 ஐ 55 ஆக்கினாலும் சுவிட்ச் அவர் கையில்தான் இருக்கும். உங்கள் குறி உங்கள் பெயரில் ஒரு மீற்றர்.

அலுவலகத்தில் சொந்தக்காரரின் கடிதம் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நடைமுறையில் எல்லா இடத்திலும் அப்படித்தான் கேட்கிறார்கள். வாடகைக்காரர் பில் கட்டாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அவர்களுக்கு, அது விளங்காத விஷயமில்லை. ஆனால் 2009 சட்டம் சப்ளை கேட்கும் உரிமையைக் கட்டடத்தின் சொந்தக்காரருக்கு மட்டும் கொடுத்து நிறுத்தவில்லை. சொந்தக்காரர் அல்லது அந்த இடத்தில் இருந்து பாவிப்பவர், இருவரில் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்றது. நீங்கள் அந்த இரண்டாமவர். பில்லுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அலுவலகம் வைப்புப் பணம் கேட்கட்டும்.

வாயால் சொன்ன மறுப்பை வைத்து எங்கும் போக முடியாது. அதனால் முதலில் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். வாடகை ஒப்பந்தப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், வயரிங் செய்தவரின் சோதனை அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உங்கள் கடைக்குப் பிரதேச சபையில் தனி மதிப்பீட்டு இலக்கம் இருக்கிறதா என்று இந்தக் கிழமையே போய்ப் பாருங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் தனி வாசல், தனி வயரிங், தனி இலக்கம் மூன்றும் இருந்தால் "கட்டடத்துக்கு ஏற்கெனவே சப்ளை இருக்கு" என்ற பதில் நிற்காது. கட்டடத்துக்குத்தான் இருக்கிறது, உங்கள் கடைக்கு இல்லை.

பதில் வராவிட்டால் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பக்க விண்ணப்பம் போடுங்கள். என் விண்ணப்பத்துக்கு என்ன தீர்மானம் எடுக்கப்பட்டது, எந்த விதியின் கீழ் எடுக்கப்பட்டது என்று இரண்டு கேள்வி போதும். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் சொல்லியாக வேண்டும். சபை கம்பனியாக மாறிவிட்டது, இந்தச் சட்டம் எங்களுக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அரசு 25 வீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனிகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. என் அனுபவத்தில், இந்த விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகு தூங்கிக் கிடந்த எத்தனையோ கோப்புகள் எழும்பியிருக்கின்றன.

அப்புறம், முதலாளியின் சுவரில் வயர் போக அவர் விடமாட்டார் என்ற சிக்கல். மற்றவர் காணிக்கு மேலாக லைன் கொண்டுபோக உரிமம் பெற்றவர் வழி கேட்டு, காணிக்காரர் மறுத்தால், பிரதேச செயலாளர் இரு பக்கமும் விசாரித்து முடிவெடுக்கும் ஏற்பாடு 2009 சட்டத்திலேயே இருந்தது. நீங்கள் தனியாக ஓடித் திரிய வேண்டிய வேலை அது இல்லை. லைன் போடுபவர் எடுக்க வேண்டிய நடவடிக்கை, எடுக்கச் சொல்லி நீங்கள் எழுதிக் கேட்கலாம். உங்கள் கடை றோட்டைப் பார்த்த கடை என்பதால் முகப்பில் நேராகவே இறக்க முடியும் என்று நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் கம்பம் உங்கள் வாசலிலிருந்து பத்தடியில் நிற்கிறது.

இவ்வளவுக்கும் பிறகும் மறுத்தால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யுங்கள். 2002 இன் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஆணைக்குழு அது, உரிமம் கொடுப்பதும் பாவனையாளரின் பிணக்குகளைக் கேட்பதும் அதன் வேலை. தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. அங்கும் முடியாவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை, அதாவது அதிகாரிகளுக்கு நீதிமன்றம் இடும் கட்டளை, கேட்கும் வழி திறந்திருக்கிறது. அடிப்படை உரிமை மீறல் என்று அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்குப் போவதானால் ஒரு மாதக் காலக்கெடு மிகவும் இறுக்கமானது. ஆகவே எழுத்தில் மறுப்புக் கடிதம் கைக்கு வந்த அன்றே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் மட்டக்களப்பில் இருக்கிறது.

அந்த நான்கு நாளுக்கு வருவோம். கடிதத்தில் நீங்கள் அதை விலைப் பிரச்சினையின் நடுவில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பாரதூரமாகப் படுகிறது. வாடகைக்கு விட்ட இடத்தை வாடகைக்காரர் தடையில்லாமல் பாவிக்க விடுவது வாடகைக்கு விட்டவரின் கடமை. பிணக்கு இருந்தால் அவர் நீதிமன்றம் போக வேண்டும், ஃபியூசைக் கழற்றக் கூடாது. திரும்பவும் அப்படிச் செய்தால் மாவட்ட நீதிமன்றத்தில் இடைக்காலத் தடையுத்தரவு கேட்கலாம். கைகலப்பு வரும் நிலையென்றால் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். 1979 இன் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ், சமாதானக் குலைவு வரக்கூடிய காணிப் பிணக்காக அது நீதிமன்றத்துக்குப் போகலாம். பழைய வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பும் சில கட்டடங்களுக்கு உண்டு, பலவற்றுக்கு இல்லை. உங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்காமல் அதில் நம்பிக்கை வைக்கச் சொல்ல மாட்டேன். நட்டஈட்டை மட்டும் கேட்பதானால் பெரும்பாலும் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டிவரும். போங்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அந்தக் கொப்பித் தாளை விரித்து வைக்கும்போது முதலாளி இறங்கி வரவும் இடமிருக்கிறது. அடுத்த ஆறு வருடமும் அதே கட்டடத்தில்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால் அந்த வழி எனக்கு முதலில் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் கோபத்தில் செய்துவிடாதீர்கள்: வாடகையை நிறுத்த வேண்டாம். கரன்ட் சண்டையில் நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்தும், வாடகை பாக்கி வைத்த ஒரே காரணத்தால் கடையை இழந்தவர்களை நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன். வாடகையை வங்கியில் போட்டு ரசீதை வையுங்கள். கரன்ட் காசில் நீங்கள் ஒத்துக்கொள்ளும் தொகையையும் அதேபோல் கட்டி, மிச்சம் ஏன் கட்டவில்லை என்று கடிதம் எழுதுங்கள். பக்கத்து லைனில் கொழுக்கி போடும் யோசனையை யாராவது சொன்னால் காதிலும் வாங்க வேண்டாம். அதுதான் உங்களைக் குற்றவாளியாக்கும் ஒரே வழி.

இனி அண்ணன். அவருடைய நல்ல மனதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் தன் கூரையில் சோலர் போட்டுத் தன் வீட்டுக்குப் பாவிக்கலாம். மிச்சத்தை நாட்டின் லைனுக்குக் கொடுத்துக் காசு பெறும் திட்டங்களும் இருக்கின்றன. 2016 இல் தொடங்கிய சூரிய சக்தித் திட்டத்திலிருந்து வீட்டுக் கூரைக்காரருக்கு அந்த வழி நன்றாகத் திறந்திருக்கிறது. அந்தத் திட்டங்களில் எல்லாம் வாங்குபவர் உரிமம் பெற்ற பகிர்ந்தளிப்பாளர்தான். வேலி தாண்டி ஒரு வயரை இழுத்துப் பக்கத்துக் கடைக்குக் காசுக்குக் கொடுத்த அந்த நிமிடமே அவர் பகிர்ந்தளிப்பாளர் ஆகிவிடுகிறார், உரிமமில்லாத பகிர்ந்தளிப்பாளர். 75 ரூபாவுக்குப் பதில் 40 ரூபா என்பதால் அது சட்டமாகிவிடாது.

சட்டத்தை விடுங்கள், மார்கழி மழையை யோசியுங்கள். எழுவான்கரையில் வெள்ளம் முழங்கால் வரை நிற்கும் நாளில், தகரக் கூரைக்கு மேலால் தொங்கும் அந்த வயரில் தோல் உரிந்திருந்தால், பீலியால் வடியும் தண்ணீரோடு கரன்ட் கடைக் கதவுக்கு வரும். நாட்டின் லைனில் அப்படி நடந்தால் கூப்பிட ஒரு இலக்கம் இருக்கிறது, பொறுப்பேற்க ஒரு நிறுவனம் இருக்கிறது. அண்ணனின் வயரில் நடந்தால் அண்ணன் ஒருவர்தான் இருப்பார். இன்றைக்கு உங்கள் முதலாளி இழுத்திருக்கும் உப மீற்றர் வயர்களுக்கும் இதே கதைதான். படத்தில் ஒன்பது வயரும் ஒரு மரப்பலகையில் கட்டுண்டு கிடக்கின்றன. ட்ரிப் சுவிட்ச் ஒன்றே ஒன்று, அதுவும் முதலாளியின் பூட்டிய அறைக்குள். தனி மீற்றர் வரும்வரைக்காவது உங்கள் கடைக்குள் ஒரு ட்ரிப் சுவிட்சைத் தகுதியான மின் தொழிலாளி ஒருவரைக் கொண்டு பூட்டுங்கள். செலவைப் பார்க்க வேண்டாம்.

அண்ணனுக்கு உண்மையிலேயே கடைகளுக்குக் கொடுக்கத்தான் விருப்பம் என்றால், சோலர் பலகை வாங்க முற்பணம் கட்டுவதற்கு முன் ஆணைக்குழுவுக்கு எழுதி, இந்த வகைப் பகிர்வுக்கு விலக்களிப்புக் கிடைக்குமா, எந்த நிபந்தனையில் என்று கேட்கட்டும். கட்டாரில் உழைத்த காசு. எழுத்தில் பதில் வராமல் அதில் ஒரு ரூபாவையும் கூரையில் ஏற்ற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மற்ற எட்டுக் கடைக்காரர்களோடும் பேசுங்கள். அவர்களிடமும் இதே கொப்பித் தாள்கள் இருக்கும். எல்லோருமாக ஒரே நாளில் தனித்தனி விண்ணப்பம் கொடுத்தால் அலுவலகம் அதை ஒரு ஆளின் சச்சரவாகப் பார்க்காது. முதலாளிக்கும் உங்களை மட்டும் இருட்டில் வைக்க முடியாமல் போகும். யாரும் சேராவிட்டாலும் உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிப் போட வேண்டாம்.

ஒப்பந்தத்தின் பிரதியை எனக்கு அனுப்பி வையுங்கள், வாடகைச் சட்டம் பொருந்துமா என்று பார்த்து எழுதுகிறேன். கரன்ட் இல்லாமல் போன அந்த நான்கு நாளின் திகதிகளையும், எத்தனை மணிக்குப் போனது, எப்போது வந்தது, யாருடைய எந்தத் தையல் தேங்கியது என்பதையும் மறப்பதற்குள் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்த நாட்களில் உங்கள் கடைக்கு வந்து திரும்பிப் போன ஒருவரிடமாவது அதன் கீழே கையெழுத்து வாங்கி வையுங்கள்.